மாணவரான சவேரியார்



கீரிமலைக்கு நீங்கள் போயிருப்பீர்கள். கத்தோலிக்கராகிய நமக்கு அங்கே வழிபாட்டுக்குரிய காரியம் எதுவும் இல்லை. ஆயினும் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் எவரும் ஒரு முறையேனும் அந்தக் கேணியில் இறங்கிக் குளிக்காமல் இருப்பது அரிது. அலை வந்து மோதும் இடத்துக்குச் சில அடி தூரத்தில் நன்னீர் ஊறுகிறது. நடுவே ஒரு மதில்தான். சைவப் பெருமக்களுக்கோ அது வெறும் நீராடுமிடம் மட்டுமன்று. இறந்தவரின் சாம்பலைக் கடலில் கரைப்பதற்கும், 31ஆம் நாளில் அந்தியேட்டி செய்வதற்கும், தந்தையை இழந்தோர் ஆடி அமாவாசையில் பிதிர்க்கடன் ஆற்றுவதற்கும் அவர்கள் வந்து சேருமிடம் அதுவே.

சில ஆண்டுகளுக்கு முன் என் பள்ளித் தோழர் ஒருவரின் தந்தையாருக்கு அங்கே அந்தியேட்டி நடைபெற்றது. நாங்கள் இருவரும் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். அப்பெரியவர் எனக்குக் கணிதம் சொல்லித் தந்தவர். நாளும் திருநீறு அணிந்த நல்ல சைவர். கிரியைகள் முடிந்து கடலோரத்தில் அமர்ந்திருந்தபோது தோழர் மெல்ல ஒரு கேள்வி கேட்டார். திருமுழுக்குப் பெறாமல் இறந்துபோன தம் ஐயாவைப் பற்றி எங்கள் திருச்சபை என்ன சொல்கிறது என்பதே அந்தக் கேள்வி. அதில் கேலி இல்லை; வாதத்துக்கு இழுக்கும் எண்ணமும் இல்லை. குருமடத்தில் பயின்ற விடையை நான் சொன்னேன். விடை சரியானதுதான். ஆனால், சொன்ன விதத்தில் பரீட்சை எழுதுகிறவனின் அவசரம் இருந்தது. அவர் தலையை அசைத்துவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிரவு எனக்கு நினைவுக்கு வந்தவர் புனித பிரான்சிஸ் சவேரியார். இதே கேள்வியை 1551ஆம் ஆண்டில் யப்பானின் யமகுச்சி நகரத்தில் அவரிடம் கேட்டார்கள். கேட்டவர்கள் அழுதுகொண்டே கேட்டார்கள். அவர் பெயரைத் தாங்கிய குருமடத்தில் படித்தவன் நான். ஆனாலும் அவரது கடிதங்களை முழுமையாக வாசித்தது குருவான பிறகே. ஆயிரமாயிரம் பேருக்குத் திருமுழுக்கு அளித்த கரம் என்றுதான் நாம் அவரை அறிந்திருக்கிறோம். பிற சமயத்தாரிடம் மாணவனாகப் போய் அமர்ந்த சவேரியார் ஒருவர் இருந்தார். அவரைப் பற்றி இன்று உங்களோடு சிறிது பேச விரும்புகிறேன்.

கீரிமலைக் கரையில் நின்று வடக்கே நோக்குங்கள். கடலுக்கு அப்பால் கோடிக்கரை; அதற்கும் வடக்கே நாகபட்டினம். 1545ஆம் ஆண்டின் பங்குனி சித்திரை நாட்களில் அந்த நாகபட்டினத்தில் சவேரியார் காத்திருந்தார். எதற்காகத் தெரியுமா? யாழ்ப்பாண அரசின் மீது போர்த்துக்கேயப் படை செல்வதற்காக. முந்தைய ஆண்டின் இறுதியில், மன்னாரில் புதிதாகத் திருமுழுக்குப் பெற்றிருந்த ஏறத்தாழ 600 பேரைச் சங்கிலி மன்னன் கொல்வித்திருந்தான். அவர்களை நாம் மன்னார் மறைசாட்சிகள் என்று போற்றுகிறோம். தம்மால் விசுவாசத்துக்கு அழைக்கப்பட்ட மக்கள் வெட்டுண்டு கிடக்கும் செய்தி கேட்ட அந்தத் தந்தையின் நெஞ்சு கொதித்தது. அம்மன்னனைத் தண்டித்து, அவனுடைய சகோதரனை அரியணையில் அமர்த்துவதற்கு ஆளுநரின் இசைவை அவரே நாடிப் பெற்று வந்தார். ஆனால் படை புறப்படவில்லை. பெகுவிலிருந்து வந்த போர்த்துக்கேயக் கப்பல் ஒன்று யாழ்ப்பாணக் கரையில் தரைதட்டி, அதன் சரக்கு மன்னன் கைக்குப் போய்விட்டது. சரக்கை மீட்கும் பேச்சு முந்திக்கொண்டது. 600 உயிர்கள் பிந்திப்போயின. வணிகர்களின் தராசு எக்காலத்திலும் அப்படித்தான்.

ஆக, நமது மண்ணைக் குறித்துச் சவேரியாருக்கு முதலில் எழுந்த எண்ணம் படையெடுப்பு. இதை மறைத்துவிட்டு அவர் வாழ்க்கையைச் சொல்வது அவருக்கே செய்யும் அநீதி. ஏனெனில் அதே மனிதர், ஆறே ஆண்டுகளில், வாளேந்திய எவருடைய துணையுமின்றி, இரண்டொரு தோழர்களோடு, அந்நிய நகரமொன்றில் நாள் முழுவதும் பிறருடைய கேள்விகளுக்குச் செவிகொடுத்துக்கொண்டிருந்தார்.

அவர் 1506ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் நவார் நாட்டில், சவேரியார் கோட்டையில் பிறந்தார். பாரிஸ் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, அங்கேயே அரிஸ்டாட்டிலின் தத்துவத்தைக் கற்பித்தார். இஞ்ஞாசியாரின் நட்பால் இயேசு சபையின் முதல் தோழர்களுள் ஒருவரானார். 1542 மே மாதம் கோவாவில் கரையிறங்கி, அவ்வாண்டின் பிற்பகுதியிலேயே முத்துக்குளித்துறைக்கு வந்துவிட்டார். இவை நீங்கள் அறிந்தவையே.

முத்துக்குளித்துறையில் அவர் செய்த உழைப்பு மகத்தானது. ஆனால் அவர் அங்கே கேட்டது குறைவு; சொன்னதே அதிகம். விசுவாச அறிக்கையையும் கர்த்தர் கற்பித்த செபத்தையும் கட்டளைகளையும் துணையாளரைக் கொண்டு தமிழாக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியுடன் தெருத்தெருவாகச் சென்று சிறுவரைக் கூட்டிக் கற்பித்தார். தமிழ் அவருக்கு எளிதில் வசப்படவில்லை. நம்புகிறேன் என்னும் பொருள் வரவேண்டிய இடத்தில் வேணும் என்ற சொல்லைத் துணையாளர் போட்டுவிட, விசுவாச அறிக்கை முழுவதும் விருப்ப அறிக்கையாகிவிட்டது. பின்னர் பிழையை உணர்ந்து, விசுவாசம் என்னும் சொல்லைக் கொண்டு அதைத் திருத்தும்படி மன்சிலாஸ் என்ற தம் தோழருக்கு அவர் எழுதியிருக்கிறார். நீங்கள் சிரிக்கலாம். ஆனால் இந்தச் சிறு பிழையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். யப்பானில் இதைவிடப் பெரிய பிழை அவருக்காகக் காத்திருந்தது.

அக்கரையோரத்துக் கோவில் ஒன்றில் பிராமணர் பலரோடு அவர் உரையாடியதும் உண்டு. அவர்களைப் பற்றி அவர் எழுதியவை கடுமையானவை. கற்றறிந்த பிராமணர் ஒருவர் மட்டும் தம் நெறியின் உட்பொருளைத் தனிமையில் அவருக்கு விளக்கினார். பதிலுக்குக் கிறிஸ்தவத்தின் உட்பொருளைச் சொல்லுமாறு வேண்டினார். கதவு ஒன்று திறந்தது. சவேரியார் உள்ளே எட்டிப் பார்த்தார், தங்கவில்லை. அடுத்த ஊரில் பிள்ளைகள் காத்திருந்தார்கள்.

1547ஆம் ஆண்டு டிசம்பரில் மலாக்காவில் அவரைத் தேடி வந்த ஒரு மனிதர் அவருடைய பாதையையே மாற்றினார். அஞ்சிரோ என்னும் யப்பானியர் அவர். சொந்த ஊரான ககோஷிமாவில் கொலைப்பழிக்கு ஆளாகி, போர்த்துக்கேயக் கப்பலில் ஏறித் தப்பி வந்தவர்; மனச்சான்றின் அமைதியைத் தேடியவர். சவேரியார் அவரைக் கோவாவிலுள்ள புனித பவுல் கல்லூரிக்கு அனுப்பினார். 1548ஆம் ஆண்டு தூய ஆவியார் பெருவிழாவன்று அவர் பவுல் என்னும் பெயரோடு திருமுழுக்குப் பெற்றார். சில மாதங்களிலேயே போர்த்துக்கேய மொழியை எழுதவும் வாசிக்கவும் கற்றார். மத்தேயு நற்செய்தியை மனப்பாடமாக்கினார். இந்நாளில் நம் பிள்ளைகள் மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் வெளிநாடு போய்ப் படித்து வருகிறார்களே, அதுபோல் யப்பானிலிருந்து இந்திய மண்ணுக்குப் படிக்க வந்த மாணவர் இவர் என்று சொல்லலாம். கற்பிக்க வேண்டியவர்களே அவரிடம் கற்றார்கள் என்பதுதான் இதில் அழகு. கல்லூரித் தலைவர் லான்சிலோத்தோ அடிகளார் அவரை அமர்த்தி, யப்பானியரின் கோவில்கள், துறவிகள், தியானம், செபமாலை, நோன்பு ஆகியவற்றைப் பற்றி வினவி அறிக்கை எழுதினார். தாம் கண்டிராத சமயமொன்றைப் பற்றி, போகுமுன்னரே கேட்டறிய வேண்டும் என்ற எண்ணம் சவேரியாருக்கு இம்முறை வந்துவிட்டது.

1549 ஆகஸ்ட் 15ஆம் நாள், மரியன்னையின் விண்ணேற்பு விழாவன்று, அவர்கள் ககோஷிமாவில் இறங்கினார்கள். சவேரியாரோடு கோஸ்மே தெ தோரஸ் அடிகளாரும், ஹுவான் ஃபெர்னாண்டஸ் என்னும் சகோதரரும், அஞ்சிரோவும், வேறு இரு யப்பானியரும், ஒரு சீனரும், மலபாரைச் சேர்ந்த அமதோர் என்னும் பணியாளரும் இருந்தனர். அந்தப் பட்டியலில் நம் தென்னாட்டு மனிதர் ஒருவரைக் காணும்போது எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

அந்நகரில் ஃபுகுஷோஜி என்னும் மடாலயம் இருந்தது. அது ஸென் நெறியைச் சேர்ந்தது. ஸென் என்னும் சொல்லே நம்முடைய தியானம் என்னும் சொல் சீனம் வழியாகப் போய் உருமாறியது. காஞ்சிபுரத்து இளவரசர் என்று ஒரு மரபு சொல்லும் போதிதருமரே அந்நெறியின் முதல்வராக எண்ணப்படுகிறார். அம்மடத்தின் தலைவர் நின்ஷிட்சு என்பவர் எண்பது வயது முதியவர். அவரும் சவேரியாரும் நண்பர்களானார்கள். ஆன்மா அழியாதா, உடலோடு முடிந்துபோகிறதா என்று இருவரும் பலமுறை உரையாடினார்கள். முதியவர் ஒரு நாள் ஒன்று சொல்வார், மறுநாள் வேறொன்று சொல்வார் என்று சவேரியார் குறித்திருக்கிறார். வரிசையாக அமர்ந்து தியானத்தில் மூழ்கியிருந்த துறவிகளைக் காட்டி, இவர்கள் என்ன செய்கிறார்கள் என்று சவேரியார் ஒருமுறை வினவினாராம். சிலர் இந்த மாதம் வந்த காணிக்கையைக் கணக்கிடுகிறார்கள், சிலர் நல்ல உடைக்கு வழி தேடுகிறார்கள், உருப்படியாக ஒருவரும் எதையும் எண்ணவில்லை என்று முதியவர் நகைத்தாராம். பின்னாளில் யப்பானில் பணிபுரிந்த ஃபுரோயிஸ் அடிகளார் இதை எழுதிவைத்தார். நம் ஆலயங்களில் மன்றாட்டு நேரத்தில் நாம் எண்ணுவதைக் கேட்டால் எந்தப் பங்குத் தந்தையும் இதே விடையைத் தரலாம். தம் சமயத்தாரின் குறையைத் தாமே சொல்லிச் சிரிக்கும் அளவுக்கு ஒரு பௌத்த முதியவர் ஓர் அந்நியரிடம் நெருங்கிவிட்டார். நட்பு இன்றி இது நடப்பதில்லை.

இனி அந்தப் பெரிய பிழைக்கு வருவோம். கடவுளை யப்பானிய மொழியில் எப்படி அழைப்பது? அஞ்சிரோ ஷிங்கோன் என்னும் மந்திர நெறியில் வளர்ந்தவர். ஆழ்ந்த கல்வி உடையவர் அல்லர். தம் நெறியில் உயர்ந்ததாகத் தாம் கேட்டிருந்த தைநிச்சி என்னும் பெயரை அவர் தந்தார். சவேரியாரும் தைநிச்சியைத் தொழுங்கள் என்று வீதிகளில் போதித்தார். தைநிச்சி என்பது வடமொழியில் மகா வைரோசனர் எனப்படும் பேரொளிப் புத்தர். அனைத்துமாய் எங்கும் நிறைந்திருப்பதாக அந்நெறியினர் கருதும் மெய்ப்பொருள். உலகைப் படைத்து, மனிதரோடு பேசி, மகனை அனுப்பிய தந்தையாகிய இறைவனை அச்சொல் குறிக்காது. ஈராண்டளவில் இந்தத் தவறு நீடித்தது.

யமகுச்சியில் ஷிங்கோன் துறவிகள் அவரை அன்போடு வரவேற்றார்கள். அவரும் தாங்களும் ஒரே நெறியினர் என்று மகிழ்ந்தார்கள். சவேரியாருக்கு ஐயம் எழுந்தது. மூவொரு இறைவனைப் பற்றியும், மனிதரான இறைமகனைப் பற்றியும், சிலுவைச் சாவைப் பற்றியும் அவர்களிடம் விசாரித்தார். அவர்களுக்கு அது விந்தையாக இருந்தது, சிலர் சிரித்தார்கள். அப்போதுதான் உண்மை விளங்கிற்று. அவர் உடனே ஃபெர்னாண்டஸை அனுப்பி, தைநிச்சியைத் தொழவேண்டாம் என்று தெருவில் அறிவிக்கச் செய்தார். அதன்பின் இலத்தீனின் தேயுஸ் என்னும் சொல்லையே கையாண்டார். துறவிகளுள் சிலர் அதையும் திரித்து, பெரும் பொய் என்று பொருள்படும் யப்பானிய ஓசையாக்கி நகையாடினர். தாமே ஈராண்டு போதித்ததைத் தாமே தவறென்று நடுத்தெருவில் அறிவிப்பதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பதை, ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் சொன்ன பிழையைத் திருத்தவே தயங்கும் நாங்கள் அறிவோம். பிற்காலத்தில் அண்டிரிக் அடிகளார் தமிழை ஆண்டுக்கணக்கில் முயன்று கற்று, 1578இல் கொல்லத்தில் அச்சிட்ட நூலுக்குத் தம்பிரான் வணக்கம் என்று பெயரிட்டதை நினைத்துப் பாருங்கள். ஒரு சொல்லைத் தேர்வதற்குள் ஒரு மக்களின் மனத்துக்குள் குடியேற வேண்டியிருக்கிறது.

யமகுச்சிக்கு முன் தலைநகரான மியாக்கோவுக்கும், அதாவது இன்றைய கியோட்டோவுக்கும், அவர் போயிருந்தார். பனியில், நடந்தே போன பயணம் அது. மன்னரைக் கண்டு போதிக்க அனுமதி பெறுவதும், ஹியெய் மலையிலிருந்த பௌத்தப் பெரும் கல்விக்கூடத்தாரோடு உரையாடுவதும் அவரது ஆசை. நகரம் உள்நாட்டுப் போரால் பாழ்பட்டுக் கிடந்தது. கந்தல் உடையோடு, காணிக்கையின்றி வந்தவருக்கு எந்தக் கதவும் திறக்கவில்லை. 11 நாட்களில் திரும்பிவிட்டார். ஆனால் அதிலும் பாடம் கற்றார். அந்நாட்டு மரியாதைக்கேற்ப நல்லுடை தரித்து, கடிகாரம், மூக்குக்கண்ணாடி, இசைக்கருவி முதலிய பரிசுகளோடு யமகுச்சி ஆட்சியாளர் ஓவுச்சி யொஷிதகாவைக் கண்டார். அவர் மனமுவந்து, ஆளற்றிருந்த பௌத்த மடம் ஒன்றையே குடியிருக்கக் கொடுத்தார். பிற சமயத்தாரின் கூரையின் கீழ் நம் புனிதர் திருப்பலி நிறைவேற்றினார்.

அந்த மடத்துக்குக் காலை முதல் இரவு வரை மக்கள் வந்தார்கள். துறவிகள், கன்னியர், பிரபுக்கள், பாமரர் எல்லோரும் வந்தார்கள். இடமில்லாமல் வெளியே நின்றார்கள். செபிக்கவும் உண்ணவும் உறங்கவும் நேரமில்லை என்று பின்னர் எழுதினார். பார்வை குன்றிய, இசைக்கருவி மீட்டிக் கதை பாடிப் பிழைத்த ஏழைக் கலைஞர் ஒருவரும் வந்தார். லொரென்சோ என்னும் பெயரில் திருமுழுக்குப் பெற்று, பின்னர் யப்பானியருள் முதல் இயேசு சபைச் சகோதரரானவர் அவரே.

அவர்களது கேள்விகள் கூர்மையானவை. கடவுள் நல்லவரானால் தீய ஆவிகளை ஏன் படைத்தார்? அவர் எல்லோருக்கும் இரங்குபவரானால், இந்தச் செய்தியை எங்களுக்கு அறிவிக்க ஏன் இத்தனை நூற்றாண்டுகள் தாமதித்தார்? சீன நூல்களில் இது ஏன் இல்லை? சவேரியார் சிந்தித்து விடையளித்தார். மலைக்காட்டில் தனியே வளர்ந்த, எழுத்தறியாத ஒருவனைக் கேட்டுப் பாருங்கள். கொல்வதும் திருடுவதும் தீமை என்று யாரும் கற்பிக்காமலே அவன் அறிவான். சீனரின் சட்டம் வருமுன்னரே இறைவன் தம் சட்டத்தை எல்லா மனித உள்ளங்களிலும் எழுதியிருந்தார் என்றார். இது புனித பவுல் உரோமையருக்கு எழுதிய மடலில் அடங்கிய உண்மை. கேட்டவர்கள் நிறைவடைந்தார்கள்.

அப்படியானால், அந்த உள்ளத்துச் சட்டத்தின்படி நல்லவராக வாழ்ந்து இறந்த எங்கள் பெற்றோர்? இந்த இடத்தில்தான் அவர்கள் அழுதார்கள். செபத்தாலும் தருமத்தாலும் அவர்களை மீட்க முடியாதா என்று கேட்டார்கள். தம் காலத்து இறையியலில் தமக்குத் தெரிந்த விடையை, முடியாது என்ற விடையை, சவேரியார் சொன்னார். சொல்லிவிட்டு அவர் எளிதாக நகரவில்லை. தமக்கு இத்துணை அன்பான நண்பர்கள் தீர்வற்ற ஒன்றுக்காக அழுவதைக் காண்பது தம் மனத்தை வருத்தியதாக, 1552 சனவரியில் கொச்சியிலிருந்து ஐரோப்பியத் தோழர்களுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் தெரிவித்திருக்கிறார். ஒரு விடையைத் தந்த கையோடு பிறருடைய விடுதலையை அவர் தம் வெற்றியாக எண்ணியிருக்கலாம். அவர் எழுதியதோ நண்பர்களின் கண்ணீரை.

அவரை இக்காலத்துச் சமய உரையாடலின் வழிகாட்டி என்று சொல்லிவிட எனக்குத் துணிவில்லை. சாக்கியமுனியையும் அமிதாவையும் பற்றி அவர் பேசியவை இன்று நாம் பேசக்கூடியவை அல்ல. துறவிகளைக் கடுமையாகச் சாடினார். எனினும் நாகபட்டினத்தில் காத்திருந்த சவேரியாருக்கும் யமகுச்சிச் சவேரியாருக்கும் எவ்வளவு தூரம்! யப்பானுக்கு வருவோர் தத்துவமும் தருக்கமும் தேர்ந்தவராக, கேள்விகளைப் பொறுமையோடு கேட்பவராக இருக்கவேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். பெர்னார்தோ என்னும் ககோஷிமா இளைஞரைப் படிப்பதற்காக ஐரோப்பாவுக்கு அனுப்பிவைத்தார். ஐரோப்பாவில் கால் வைத்த முதல் யப்பானியராக அறியப்படும் அவர், உரோமையில் இஞ்ஞாசியாரையும் கண்டு, 1557இல் போர்த்துக்கல்லின் கோயிம்பிராவில் இறந்தார். சவேரியாரோ, யப்பானியர் மதிக்கும் ஞானத்தின் ஊற்று சீனாவில் உள்ளது என்று அறிந்து அங்கே புறப்பட்டார். சீனக் கரைக்கு எதிரே சாங்சுவான் தீவில், 1552 டிசம்பர் 3ஆம் நாள், 46ஆம் வயதில், குடிசை ஒன்றில் உயிர் நீத்தார். கோவாக் கல்லூரியில் படித்த அந்தோனியோ என்னும் சீன இளைஞர் இறுதிவரை அருகிருந்தார்.

யமகுச்சி மக்களின் கேள்விக்குத் திருச்சபை விரிவான விடையைத் தெளிவாகச் சொல்ல நானூறு ஆண்டுகளுக்கு மேலாயிற்று. சீனரின் முன்னோர் வணக்கச் சடங்குகளுக்கு உரோமை 1939இல் இசைவளித்தது. தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாமல், நேர்மையான உள்ளத்தோடு இறைவனைத் தேடி, மனச்சான்று காட்டிய வழியில் அருளின் துணையால் நடப்போரும் மீட்படையக்கூடும் என்று 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபை பற்றிய கோட்பாட்டு விளக்கத்தில் அறிவித்தது. மறு ஆண்டில், பிற சமயங்களில் உண்மையும் தூய்மையும் ஆனவற்றைத் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்றது. கவனித்தீர்களா? மலைக்காட்டு மனிதனைக் கொண்டு சவேரியார் தொடங்கிய வாதத்தின் மறுபாதி அது. அவர் பாதி வழியில் நின்றார். அந்தப் பாதி வழிக்கு அவரைக் கூட்டிச் சென்றவர்கள் கேள்வி கேட்ட யப்பானியர்.

கீரிமலைக்குத் திரும்புவோம். அங்குள்ள நகுலேசுவரம் 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் ஆட்சியில் இடிக்கப்பட்டது. இடித்தவர்கள் நம் விசுவாசத்தை அறிக்கையிட்டவர்கள். அதன்பின் வந்த ஒல்லாந்தர் காலத்தில் நம் ஆலயங்களும் பறிபோயின. நம் குருக்கள் மாறுவேடத்தில் இரவில் பூசை வைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அக்கோவில் மீண்டும் எழுந்தது. எங்கள் தலைமுறையின் போரில் மறுபடியும் சேதமுற்றது. இதையெல்லாம் அறிந்த ஒரு சைவ மகன், அதே கோவிலின் அருகில், தந்தையின் சாம்பல் கரைந்த கடலைப் பார்த்தபடி ஒரு கத்தோலிக்கக் குருவை நம்பிக் கேள்வி கேட்டான் என்பதை நினைக்க நினைக்க எனக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். இம்முறை விடை சொல்ல அவசரப்படவில்லை. அவர் தந்தையைப் பற்றி அவரையே பேசச் சொன்னேன். பின்னேரம் முழுவதும் பேசினார். காசு வாங்காமல் பாடம் சொல்லிக் கொடுத்தது, இடம்பெயர்ந்த நாட்களில் தமக்குக் கிடைத்த நிவாரண அரிசியைப் பக்கத்துக் கொட்டிலாருக்குப் பகிர்ந்தது, கண் மங்கிய பின்னும் விடியலில் தேவாரம் ஓதியது எல்லாம் சொன்னார். புறப்படும்போது யமகுச்சியின் கதையை அவருக்குச் சொன்னேன். சவேரியாரின் விடையையும், சங்கத்தின் விடையையும் சொன்னேன். வாசல்வரை வந்தவர், கார்த்திகை மாதத்தில் நாங்கள் இறந்தோருக்காகப் பூசை ஒப்புக்கொடுப்போமே, அதில் ஐயாவின் பெயரையும் சொல்லலாமா என்று கேட்டார்.

நவம்பர் 2ஆம் நாள் பீடத்தில் வைத்த பட்டியலில் அப்பெரியவரின் பெயரை என் கையாலேயே எழுதினேன். தோழர் நெற்றியில் திருநீற்றோடு கடைசி வாங்கில் வந்து அமர்ந்திருந்தார்.